வரி கட்டி வாங்கிய கேமராவைத் துபாய்க்கு விற்க அனுமதி எதற்கு?

கோவையிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்பா தொடங்கிய நிறுவனத்தை இப்போது அவர் நடத்துகிறார். காற்றாலைகள், துணை மின்நிலையங்கள், நூற்பாலைகள் ஆகியவற்றில் எந்த இணைப்பு அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று தெர்மல் கேமரா வைத்துப் பார்த்து அறிக்கை தருவது தொழில். பெரிய ஒப்பந்தம் ஒன்றை நம்பி, அமெரிக்கத் தயாரிப்பான 10 கேமராக்களை வங்கிக் கடனில் இறக்குமதி செய்தார். ஒப்பந்தம் பாதியில் நின்றுபோனது. 6 கேமராக்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன. துபாயில் ஒரு வியாபாரி ஆறையும் வாங்கிய விலைக்கு மேலேயே எடுத்துக்கொள்கிறேன், முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்புகிறேன் என்கிறார். இன்வாய்ஸில் மட்டும் 'கேமரா உதிரி பாகங்கள்' என்று போடச் சொல்கிறார். 'எச்.எஸ். கோடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) ஃப்ரீயாகத்தான், அதாவது ஏற்றுமதிக்குத் தடையில்லாமல்தான் இருக்கிறது, ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான சுங்க ஆவணம்) போட்டுவிடலாம்' என்பது சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜெண்டின் வாக்கு. கொழுந்தனார், எதற்கு வம்பு, கொழும்பு வழியாக அனுப்பிவிடலாம் என்கிறார்.

இதற்கிடையில் பழுதான இன்னொரு கேமராவைத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்பப் போனால், கூரியர் நிறுவனம் 'இது ஸ்கோமெட் பொருள் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டு நிறுத்திவிட்டது. அந்த வார்த்தையையே அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாராம். கடைசியில் ஒரு வரி: போன வருடம் கொழும்பில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செயல்விளக்கம் காட்ட ஒரு கேமராவைக் கைப்பையில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்ததும் தப்பா?

'வரி கட்டி வாங்கிய என் பொருளை நான் விற்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இது என்ன துப்பாக்கியா?' என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாதத் தவணை கழுத்தை நெரிக்கும் நேரத்தில் நல்ல விலைக்கு ஆள் வந்தால் மனம் எப்படித் துடிக்கும் என்று புரிகிறது. இருந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: துபாய்க்கு இப்போதைக்கு ஒரு கேமராகூட அனுப்பாதீர்கள், முன்பணத்தையும் வாங்காதீர்கள். அந்தக் கூரியர்காரர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பொருள் உங்களுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கட்டிய சுங்க வரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் அது இந்தியாவுக்குள் வந்ததற்கானவை. அது எந்த நாட்டுக்கு, யார் கைக்குப் போகலாம் என்பதை வேறொரு சட்டம் தீர்மானிக்கிறது. சாதாரண வியாபாரப் பொருளாகவும் இருந்து, ராணுவத்துக்கும் ஆயுதத் தயாரிப்புக்கும் பயன்படக்கூடியதாகவும் இருக்கும் பொருட்களை இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்கள் என்கிறோம். உயர்ரக தெர்மல் கேமரா அதற்குச் சரியான உதாரணம். மின் இணைப்பின் சூட்டைக் காட்டும் அதே சென்சார் இருட்டில் மனிதனின் உடல் சூட்டையும் காட்டும். டிரோனில் பொருத்தினால் இரவில் குறி பார்க்க உதவும். துப்பாக்கி இல்லைதான், ஆனால் துப்பாக்கிக்கு இருட்டில் கண் கொடுக்கும்.

இப்படிப்பட்டவற்றை இந்தியா ஸ்கோமெட் பட்டியல் என்ற ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. சிறப்பு வேதிப்பொருட்கள், நுண்ணுயிரிகள், மூலப்பொருட்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள் எல்லாம் அதில் அடங்கும். 0 முதல் 8 வரை பிரிவுகள். அணுசக்தி சார்ந்த 0 பிரிவுக்கு அணுசக்தித் துறையும், ராணுவத் தளவாடங்களான 6ஆம் பிரிவுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறையும் அனுமதி தருகின்றன. மற்றவை டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் கையில் இருக்கின்றன. சென்சார்களும் லேசர்களும் வருவது 8ஏ6இல். இந்த 8ஆம் பிரிவு 2017 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஆயுதங்களும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருட்களும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் வாசெனார் உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. பழைய ஆட்கள் பலருக்கு இது இன்னும் மனதில் பதியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸ்கோமெட் என்பது ஏற்றுமதிக்கான பட்டியல். அதனால்தான் நீங்கள் இறக்குமதி செய்தபோது நம் ஊரில் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. உள்ளே வரும்போது கேள்வி இல்லாததால் வெளியே போகும்போதும் இருக்காது என்று நினைத்துவிட்டீர்கள். உங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் அதிகம் சறுக்கும் இடமே இதுதான்.

ஏஜெண்ட் சொன்ன எச்.எஸ். கோடு கணக்கும் இங்கே செல்லாது. ஸ்கோமெட் பட்டியல் எச்.எஸ். கோடைப் பார்த்து ஓடுவதில்லை. பொருளின் தொழில்நுட்ப அளவுகளைப் பார்க்கிறது. ஒரே எச்.எஸ். கோடில் இருக்கும் இரண்டு கேமராக்களில் ஒன்று பட்டியலுக்குள் இருக்கலாம், மற்றது வெளியே இருக்கலாம்.

உங்கள் கேமரா பட்டியலில் இருக்கிறதா?

இதை ஊகித்துச் சொல்ல முடியாது. டேட்டாஷீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதலில் பார்க்க வேண்டியது பிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது. வாசெனார் பட்டியலும் அதை ஒட்டிய பட்டியல்களும், குளிரூட்டல் இல்லாத சென்சார் கொண்ட தெர்மல் கேமராக்களில் 9 ஹெர்ட்ஸோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகின்றன. தயாரிப்பாளர்கள் ஒரே மாடலை 9 ஹெர்ட்ஸ் ஒன்று, 30 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஒன்று என இரண்டு வகையாக விற்பதற்குக் காரணம் இதுதான். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கேமராவைப் போட்டு அதன் முன்னால் கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். திரையில் கை விட்டுவிட்டுத் துள்ளினால் 9 ஹெர்ட்ஸாக இருக்கலாம். வழுக்கிக்கொண்டு ஓடினால் கூடுதல். இது உங்கள் திருப்திக்கு மட்டும்தான். காகிதத்தில் நிற்பது டேட்டாஷீட்டும் அடிப்பக்க லேபிளில் உள்ள முழு மாடல் எண்ணும்தான்.

அந்த மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் குறிப்பிட்டுத் தயாரிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதன் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வகை எண் என்ன, எங்களுக்கு அனுப்பியபோது லைசென்ஸின் பேரில் அனுப்பினீர்களா, அதில் என்ன நிபந்தனைகள் என்று மூன்று கேள்வி போதும். அந்த வகை எண் 6ஏ003 என்று வந்தால் நம் 8ஏ6இலும் இருக்க வாய்ப்பு அதிகம். 6ஏ993 என்று வந்தால் 9 ஹெர்ட்ஸ் ரகமாக இருக்கலாம், கொஞ்சம் நிம்மதி. அப்புறம் அந்தப் பதிலை வைத்து ஸ்கோமெட் பட்டியலில் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் தொழில்நுட்ப விவரங்களுடன் டி.ஜி.எஃப்.டி.க்கே எழுதிக் கேட்கலாம். பட்டியலில் சரியாக வகைப்படுத்தும் பொறுப்பு ஏற்றுமதி செய்பவருடையது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் 'ஏஜெண்ட் சொன்னார்' என்பது பதிலாகாது.

அமெரிக்கச் சட்டம் கோவை வரைக்கும் வருமா?

வரும். பலருக்கு இது கசப்பாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான். அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதி நிர்வாக விதிகள், அமெரிக்காவில் தயாரான பொருள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைத் தொடர்கின்றன. இந்தியாவிலிருந்து மூன்றாவது நாட்டுக்குப் போனால் அது மறு ஏற்றுமதி. இந்தியாவில் உரிமம் கிடைத்துவிட்டால் அமெரிக்க அனுமதி வேண்டாம் என்றோ, அங்கே கிடைத்தால் இங்கே வேண்டாம் என்றோ அர்த்தம் இல்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஃபைலில் இறக்குமதி இன்வாய்ஸை எடுத்து அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். இந்தப் பொருள் குறிப்பிட்ட நாட்டுக்கு, குறிப்பிட்ட பயனாளருக்கு மட்டுமே அனுப்பப்படுகிறது, அமெரிக்க அரசின் ஒப்புதல் இல்லாமல் மறுவிற்பனை செய்யவோ வேறொருவருக்கு மாற்றவோ கூடாது என்ற பொருளில் சில வரிகள் இருந்தால், நீங்கள் கவனிக்காமல் விட்ட முக்கியமான காகிதம் அதுதான். ஆர்டர் கொடுத்தபோது இறுதிப் பயனாளர் சான்று என்று ஏதாவது கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்களா என்றும் தேடுங்கள். 'எங்கள் சேவைப் பணிக்கு மட்டும் பயன்படுத்துவோம்' என்று அதில் எழுதியிருந்தால் அந்த வாக்கு இன்னும் உங்களைக் கட்டும்.

மீறினால் அங்கே ஒவ்வொரு மீறலுக்கும் 3 லட்சம் டாலருக்கு மேலோ, பரிவர்த்தனை மதிப்பைப் போல இரண்டு மடங்கோ, எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். அபராதத்தைவிட உங்களுக்குப் பெரிய அடி வேறொன்று: தடைப் பட்டியலில் பெயர் ஏறினால் எந்தத் தயாரிப்பாளரும் உதிரி பாகம்கூடத் தர மாட்டார், வங்கியும் ஒதுங்கும். 2024 அக்டோபர் 30 அன்று ரஷ்யப் போர் தொடர்பாக அமெரிக்கா தடை விதித்த ஏறக்குறைய 400 பெயர்களில் 19 இந்திய நிறுவனங்களும் இருந்தன. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் ஊர் நிறுவனங்களை எங்கே கவனிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் எட்டிப்பார்க்கிறது, அதனால் சொல்கிறேன்.

துபாய் ஆர்டரைப் பற்றி

சகோதரி, சட்டத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு வியாபாரியாக யோசியுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் கருவியை மூன்றாவது ஆளிடம், வாங்கிய விலைக்கும் மேலே கொடுத்து யார் வாங்குவார்? கடையில் நேராக வாங்க முடியாதவர்தான் வாங்குவார். யார் பயன்படுத்தப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. பயிற்சியும் கேட்கவில்லை, கேலிப்ரேஷன் சான்றிதழும் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டித் தருகிறேன் என்கிறார். பொருளின் பெயரையே மாற்றி எழுதச் சொல்கிறார். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வேலை செய்யும் எவரும் இவற்றை அபாயக் குறிகள் என்றுதான் சொல்வார்கள். கடைசிக் குறி ஒன்றே எனக்குப் போதும்.

'உதிரி பாகங்கள்' என்று எழுதினால் உரிமம் இல்லாத ஏற்றுமதி என்ற பிரச்சினையோடு பொய் அறிவிப்பும் சேர்கிறது. சுங்கச் சட்டத்தின் 113ஆம் பிரிவில் சரக்கைப் பறிமுதல் செய்யலாம். 114ஆம் பிரிவில் மதிப்பைப் போல 3 மடங்கு வரையிலும், தெரிந்தே பொய் ஆவணம் கொடுத்ததற்கு 114ஏஏ பிரிவில் 5 மடங்கு வரையிலும் தண்டம் போடலாம். வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான உங்கள் ஐ.இ.சி. எண்ணையே நிறுத்திவைக்க முடியும். விஷயம் பேரழிவு ஆயுதங்களைத் தொட்டால் அவற்றுக்கென்றே உள்ள 2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிடும், அதில் சிறைத் தண்டனை உண்டு. அந்தச் சட்டப்படி, பட்டியலில் இல்லாத பொருளாக இருந்தாலும் அப்படிப்பட்ட பயன்பாட்டுக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்புவது குற்றம். கையெழுத்து உங்களுடையது, துபாய்க்காரருடையது இல்லை.

கொழும்பு வழியாக அனுப்பினாலும் கணக்கு மாறாது. சட்டம் பார்ப்பது கடைசியில் பொருள் எங்கே, யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை. நடுவில் ஒரு துறைமுகத்தைச் சேர்ப்பது, மறைக்க நினைத்தீர்கள் என்பதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும்கூட இப்போது இத்தகைய பொருட்களுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. கேமராவைப் பிரித்து அனுப்பலாமா என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் சென்சார் தனியாகவே கட்டுப்பாட்டில் வரும் பொருள். முழு கேமராவைவிடச் சிக்கல் அதிகம்.

நேர்மையாக வாங்குகிறார் என்றால் அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. இறுதிப் பயனாளர் யார், எந்த வேலைக்கு, எந்த இடத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். டி.ஜி.எஃப்.டி. வகுத்த படிவத்தில் இறுதிப் பயனாளர் சான்று தரச் சொல்லுங்கள். வேறொருவருக்கு மாற்ற மாட்டோம், தேவைப்பட்டால் நேரில் சோதிக்க அனுமதிப்போம் என்ற உறுதிமொழி எல்லாம் அதில் வரும். தந்தால், பர்ச்சேஸ் ஆர்டர், தொழில்நுட்ப விவரம், இடையில் வரும் எல்லாக் கைகளின் பெயர், நீங்கள் இறக்குமதி செய்தபோது சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி, அமெரிக்கத் தரப்பு நிலை எல்லாவற்றையும் சேர்த்து டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடிவு கோவை அலுவலகத்தில் எடுப்பதில்லை. டெல்லியில் பல அமைச்சகங்களின் பிரதிநிதிகள் உட்காரும் குழு பரிசீலிக்கும். மாதக் கடைசிக்குள் ஆகிற காரியம் இல்லை. அவரிடம் ஒப்பந்தம் போட்டாலும் 'தேவையான ஏற்றுமதி அனுமதிகள் கிடைத்தால் மட்டும்' என்ற வரி இல்லாமல் போடாதீர்கள். இவ்வளவையும் கேட்டதும் அவர் காணாமல் போனால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் தவணைக்கு என் யோசனை உள்நாட்டுப் பக்கம்தான். இங்கே விற்றால் ஸ்கோமெட் உரிமம் தேவையில்லை. நம் மாநிலத்திலேயே மின் தணிக்கை, காற்றாலைப் பராமரிப்பு செய்யும் நிறுவனங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன இன்வாய்ஸ் வரிகளும் பயனாளர் சான்றும் நாட்டுக்குள் கை மாற்றுவதையும் தடுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தடுத்தால் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு செய்யலாம். அவருடைய இந்திய டீலரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேட்பதிலும் தப்பில்லை. விலை குறைவாகத்தான் வரும். விற்காமல், ஆபரேட்டரோடு சேர்த்து வாடகைக்கு விடுவதை நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பொருள் உங்கள் கையிலேயே இருப்பதால் அதில் சிக்கல் குறைவு.

பழுதான கேமரா

தயாரிப்பாளருக்கே திரும்பப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். நம் சட்டத்தில் திருப்பி அனுப்புவதும் ஏற்றுமதிதான். அமெரிக்கப் பொருள் அமெரிக்காவுக்கே போகும்போது அந்தப் பக்கம் பொதுவாகத் தடை இருக்காது. இந்தப் பக்கம் ஸ்கோமெட் பொருளாக இருந்தால் அனுமதி வேண்டும். ஆனால் பழுதுபார்க்க மூலத் தயாரிப்பாளருக்கே அனுப்புவதை டி.ஜி.எஃப்.டி. புது விற்பனையைப் போலப் பார்ப்பதில்லை. துபாய் விஷயத்தைவிட இது பல மடங்கு எளிது. அதனால் இதிலிருந்தே தொடங்குங்கள். தயாரிப்பாளரிடம் ஆர்.எம்.ஏ. எண் (பொருளைத் திருப்பி அனுப்ப அவர் தரும் ஒப்புதல் எண்) வாங்குங்கள். ஷிப்பிங் பில்லில் 'பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவர' என்றும் சீரியல் எண்ணையும் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அதே பொருள்தான் என்று சுங்க அதிகாரி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பழுதுபார்ப்புச் செலவு, சரக்குக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு மட்டும் வரி கட்டும் சலுகை கிடைக்கும். பழையதை வைத்துக்கொண்டு வேறு கேமரா அனுப்புகிறோம் என்று அவர்கள் சொன்னால், ஒப்புக்கொள்ளுமுன் உங்கள் ஏஜெண்டிடம் பேசுங்கள், அதற்குக் கணக்கு வேறு.

கொழும்பு போய் வந்த கேமரா

கைப்பையில் எடுத்துப் போய் இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்தாலும் அது தற்காலிக ஏற்றுமதி. ஸ்கோமெட் பொருளைச் செயல்விளக்கத்துக்கு எடுத்துச் செல்லவும் முன் அனுமதி வேண்டும். ஆனால் உடனே நடுங்க வேண்டாம். கேமரா 9 ஹெர்ட்ஸ் ரகமாக இருந்தால் இந்த விஷயம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். கூடுதலாக இருந்தால், அதிகாரிகள் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நாமே முன்வந்து தெரிவிப்பதற்கு டி.ஜி.எஃப்.டி.யிலும் அமெரிக்க வணிகத் துறையிலும் வழி இருக்கிறது. அப்படித் தெரிவித்ததைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்வார்கள். பொருள் திரும்பி வந்திருப்பதும், யாருக்கும் விற்கப்படாததும் உங்களுக்குச் சாதகம். அமெரிக்க விதிகளில் தொழில் கருவியைத் தற்காலிகமாகக் கொண்டுபோவதற்கான விலக்கு ஒன்றும் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று வகை எண் தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும்.

அதனால் அவசரப்பட்டு நீங்களே கடிதம் எழுதி அனுப்பாதீர்கள். பயண டிக்கெட், கொழும்புத் தொழிற்சாலையோடு நடந்த மின்னஞ்சல்கள், அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துவையுங்கள்; ஒன்றையும் அழிக்க வேண்டாம். துபாய்க்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இதுவேதான். தயாரிப்பாளரின் பதில் வந்ததும், இறக்குமதி இன்வாய்ஸ், டேட்டாஷீட், நீங்கள் கையெழுத்திட்ட பயனாளர் சான்று மூன்றோடும் சுங்கம், வெளிநாட்டு வர்த்தகம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் போங்கள். தெரிவிப்பதா, எங்கே முதலில், எந்த வார்த்தைகளில் என்பதை அந்தக் காகிதங்களைப் படித்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும்.